முத்துலட்சுமி ரெட்டி முதலில் கை வைத்தது மானிய நிலத்தில்

புதுக்கோட்டை உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாளான ஜூலை 30 வந்தால் நம்மவர்கள் பகிரும் படங்களில் "1929-ல் தேவதாசி முறையை ஒழித்தவர்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அந்த வருடத்துச் சட்டம் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கை, தடை செய்யவே இல்லை. அது செய்த காரியம் வேறு. அவருடைய சட்டசபை வாழ்க்கையிலேயே கூர்மையான வேலை அதுதான் என்பேன்.

அவர் தேர்தலில் நின்று சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனவர் அல்லர். 1926-ல் நியமன உறுப்பினரானார், 1927-ல் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வானார். (மேலவை, கீழவை என்ற பிரிவெல்லாம் 1937-ல் வந்தது, அப்போது சென்னை மாகாணத்துக்கு ஒரே அவைதான்.)

அன்று கையில் இருந்தவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள். சிறுமியை விபசாரத்துக்கு விற்பதும் வாங்குவதும் அவற்றின்படி குற்றம். ஆனால் நோக்கத்தை நிரூபித்தாக வேண்டும். சாமிக்குத்தான் கட்டினோம் என்று வீட்டார் சொன்னால் வழக்கு நொண்டியடிக்கும். வயது வரம்பு தாண்டும்வரை பொறுத்திருந்து கட்டினால் அந்தப் பிரிவுகள் தொடவே தொடா. பொட்டுக்கட்டுவதை நிறுத்தச் சட்டம் கோரி 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் அரசுக்கு வெறும் பரிந்துரை, யாரையும் கட்டுப்படுத்தாது.

எனவே அவர் வேரைத் தேடிப் போனார். பொட்டு என்பது நூலில் கோத்த சின்னத் தங்கத் துண்டு. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கோயில் ஊழியம் செய்பவருக்கு மானியமாக நிலம் உண்டு. ஊழியம் நின்றால் மானியமும் போய்விடும். தாய்க்கு வயதாகிவிட்டால், வயல் கைவிட்டுப் போகாமலிருக்க மகளுக்கோ தத்தெடுத்த பெண்ணுக்கோ பொட்டுக் கட்டியாக வேண்டும். வேண்டாம் என்று நினைத்த தாய்க்கும் சோறு போடும் நிலத்தை விட மனம் வருமா?

1926-ஆம் வருட இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் 1929-ல் கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழிய நிபந்தனையை எடுத்துவிட்டு, ஒரு தீர்வை (நில வரி) விதித்து, நிலத்தை அந்தப் பெண்ணிடமே விடுவது அதன் ஏற்பாடு. நிலமாக இல்லாமல் நிலவரி வருமானமாக மானியம் பெற்றவர்களுக்கும் வழி செய்தது. இனி கோயிலில் ஊழியம் செய்யக் கட்டாயமில்லை. செய்யாததால் சொத்தும் போகாது. எவரையும் சிறைக்கு அனுப்பாத சட்டம், ஆனால் மகளுக்குப் பொட்டுக் கட்டவேண்டிய பொருளாதாரக் காரணத்தை அறுத்தது.

மானியமே இல்லாத குடும்பங்களை இது எட்டவில்லை, அது இதன் குறை. அதற்காகத்தான் 1930-ல் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த வருடமே காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். கொண்டுவந்தவர் அவையில் இல்லாத தனிநபர் மசோதாவைத் தள்ளிச் செல்ல ஆள் வேண்டுமே! தடைச் சட்டம் நிறைவேற 1947 ஆனது. அப்போது ஓமந்தூரார் முதல்வர்.

நம் ஊர்க்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று: புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், 1948 மார்ச் 3-ல்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதுவரை சென்னை அவை இயற்றிய சட்டம் நம் எல்லைக்குள் செல்லாது. அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தத் தாய் வாழ்ந்த ஊருக்கே மகளின் 1929 திருத்தம் அன்று செல்லுபடியாகவில்லை என்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அடுத்த ஜூலைக்குப் படம் தயாரிப்பவர்கள் தயவுசெய்து இப்படி எழுதுங்கள்: "1929: மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்த திருத்தம். 1947: பொட்டுக்கட்டத் தடை." இரண்டு வரிதான், படத்தில் இடம் இருக்கும்.