பாசி வடிகட்டியுடன் செயலூட்டிய காபனும் வேண்டுமா?

கேள்வி (கல்லடி):
எனது பவளத் தொட்டியில் பாசி வடிகட்டி (பாசியை வளர்த்து நீரிலுள்ள கழிவுச் சத்துகளை உறிஞ்சவைக்கும் கருவி) ஓடத் தொடங்கியபின் நைத்திரேற்றும் பொசுபேற்றும் குறைந்துவிட்டன. ஆயினும் வெள்ளை வாளியில் மொண்டு பார்த்தால் நீர் வெளிறிய தேயிலைச் சாயம்போல் மஞ்சளாகத் தெரிகிறது. செயலூட்டிய காபன் (மாசைப் பற்றிக்கொள்ளும்படி பதப்படுத்திய நுண்துளைக் கரி) இடலாமா, அண்ணன்மாரே?

மறுமொழி (ஏறாவூர்):
இடலாம் தம்பி. பாசி வளரும்போது கரிமச் சேர்மங்களை நீரில் கசியவிடுகிறது. அந்த மஞ்சளைக் காபன் பற்றிக்கொள்ளும், நைத்திரேற்றைப் பெரும்பாலும் தொடாது என்பதால் பாசிக்கு அது போட்டியல்ல. அடுப்புச் சிரட்டைக்கரி உதவாது.

மறுமொழி (கல்முனை):
சிறிதளவே இடுங்கள். நீர் திடீரெனத் தெளிந்தால் ஒளி கூடிப் பவளம் வெளிறக்கூடும். நான் ஒரே நாளில் முழுப்பையையும் போட்டு ஒரு பவளக் கொத்தை இழந்தேன். கறுப்புத்தூள் நீங்கும்வரை, கிணற்று நீரில் அல்ல, ஆர்.ஓ. நீரில் (சவ்வினூடாக வடித்த தூய நீர்) கழுவி, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேட்டவர்:
கால் பங்குடன் தொடங்குகிறேன்.