கரோக்கே அறையில் உருக்கமான ஜப்பானியப் பாட்டு: உங்கள் தேர்வு எது?

நிஷிகசாய்க்காரன்:

டிசம்பர் வந்துவிட்டது. இங்கே ஜப்பானில் அலுவலக போனென்காய், அதாவது ஆண்டிறுதி விருந்து முடிந்ததும் "நிஜிகாய்" (இரண்டாம் சுற்று) என்று சொல்லி, கூட்டத்தை அப்படியே கரோக்கே அறைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் டேப்லெட் கைமாறிக் கைமாறி நம்மிடமும் வரும், தப்ப முடியாது. வேகப் பாட்டில் சொற்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு என் நாக்கு புரளாது. மெதுவாக நகரும் சோகப் பாட்டுதான் எனக்குக் கைகொடுக்கிறது.

நான் எப்போதும் போடுவது, சகமோட்டோ கியூ 1961-இல் பாடிய 'உஎ ஓ முயித்தே அருகோ'. கண்ணீர் சிந்தாமலிருக்க மேலே பார்த்தபடி நடப்போம் என்கிற பாட்டு. 1963-இல் அமெரிக்காவில் 'சுகியாகி' என்ற பெயரில் பில்போர்டு இசைத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அது மாட்டிறைச்சிக் குழம்பின் பெயர். பாட்டில் இறைச்சியும் இல்லை, குழம்பும் இல்லை. மெட்டு பெரும்பாலும் நம் மோகனத்தின் ஐந்து சுரங்களிலேயே நடக்கிறது. சின்ன வயதில் 'வர வீணா' கீதம் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மோகனம் என்றால் மங்களகரம் என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே அதே சுரங்களில் ஒருவன் அழுகையை அடக்கிக்கொண்டு தனியே நடக்கிறான்.

பிற்பகுதியில் சீட்டி வரும் இடம் ஒன்று உண்டு. போன வருடம் அந்த இடத்தில் எங்கள் புச்சோ (துறைத் தலைவர்) பீர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சீட்டியடித்தார். மீட்டிங்கில் "ம்ம்" என்பதற்கு மேல் வாய் திறக்காத மனிதர்! திரையைப் பார்க்கவே இல்லை, சுருதியும் பிசகவில்லை. அறையில் ஐம்பதைத் தாண்டியவர் ஒருவராவது இருந்தால் ஷோவா காலப் (1926–1989) பாட்டையே தேடுங்கள். நாம் பாதியில் திணறினாலும் மீதியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கோபேவாசி:

அண்ணா, சீட்டி எல்லாம் சரி, நான் என்கா கட்சி, அதாவது குரலைக் குழைத்துப் பாடும் பழைய பாணி சோகப் பாட்டுகள். கரோக்கே இயந்திரத்தை 1971-இல் இனோஉஎ தாய்சுகே மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்ட ஊர் இது. அதற்காகவாவது பழைய பாட்டு பாட வேண்டாமா?

நான் பாடுவது இஷிகாவா சயுரியின் 'சுகரு கைக்யோ ஃபுயுகெஷிகி', 1977. தோக்கியோவின் உஎனோ நிலையத்திலிருந்து இரவு ரயிலில் ஒரு பெண் புறப்படுகிறாள். வடக்கே துறைமுக ஊரான அஓமோரியில் இறங்கினால் பனி. வடக்கே போகிறவர்கள் யாரும் பேசவில்லை, கடலின் ஓசை மட்டும். அவள் தனியாகக் கப்பலேறுகிறாள். 1988-இல் கடலடிச் சுரங்கப்பாதை திறந்ததோடு அந்தக் கப்பல் சேவை நின்றுபோனது. அந்தப் பயணத்தை இனி யாரும் அப்படிப் போக முடியாது என்பதை நினைத்துக்கொண்டு பாடினால் குரல் தானாக இறங்கும்.

பெண் குரல் பாட்டு என்று பயப்பட வேண்டாம். ரிமோட்டில் சுருதியை இறக்கும் கீ பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அரைக்கட்டை இறங்கும். முதலில் 'சபி', அதாவது பல்லவி மாதிரி உச்சிக்குப் போகிற பகுதியை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள். தொடக்கம் சுகமாக இருக்கிறதே என்று நம்பிப் போனால் சபியில் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மதிப்பெண் போடும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். என் மனைவி கர்நாடக சங்கீதம் படித்தவள். அவள் அசைத்துப் பாடியதை இயந்திரம் 'கொபுஷி', அதாவது என்காவில் குரலைச் சுழற்றும் அழகு என்று எண்ணி ஒரு பக்கம் பாராட்டியது, திரையில் ஓடும் சுரக்கோட்டை விட்டு விலகினாள் என்று இன்னொரு பக்கம் மதிப்பெண்ணைக் குறைத்தது. மூன்றுகட்டைச் சுருதியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த அவமானம் தேவையா!

மஞ்சள்குடை:

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். எங்களுக்கும் கரோக்கே நேரம் உண்டு, ஆனால் பீர் கிடையாது. :)

எனக்குப் பிடித்தது 'நாதா சோசோ'. மொரியாமா ரியோகோ, இளவயதில் இறந்த தன் அண்ணனை நினைத்து எழுதியது. நட்சுகாவா ரிமி 2001-இல் பாடியதைத்தான் எல்லோரும் அறிவார்கள். நீட்டி நீட்டிப் பாடலாம், மூச்சு வாங்க இடம் இருக்கிறது, புதிதாக மொழி கற்பவர்களுக்கு இதைவிட ஏற்ற பாட்டு இல்லை. ஆனால் இல்லத்தில் அதைப் பாடுவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யார் யாரை இழந்தவர் என்று நமக்கு எப்படித் தெரியும்? அங்கே 'ஃபுருசாதோ' (சொந்த ஊர்) பாட்டுதான். 1914-இல் பள்ளிப் பாட்டாக வந்தது, முயல் துரத்திய மலை, மீன் பிடித்த ஆறு. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, இரண்டாம் அடி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தாளம் தட்டத் தொடங்கினார். நான் வேகமாகப் போகிறேனாம், இழுத்து நிறுத்தினார்.

நகோயா ராத்திரி:

கல்யாண விருந்தில் பிரிவுப் பாட்டு வேண்டவே வேண்டாம், அபசகுனமாக எடுத்துக்கொள்வார்கள். 'லெமன்' பாடலாமா என்று யோசிக்கிறேன். 2018-இல் வந்ததுதான், இளசுகள் அனைவருக்கும் தெரியும். என்ன சொல்கிறீர்கள்?

நிஷிகசாய்க்காரன்:

'லெமன்' சாவைப் பற்றிய பாட்டு தம்பி, கல்யாணத்துக்கு ஆகாது. நண்பர்களோடு என்றால் தாராளமாகப் பாடு. சபியில் குரல் எகிறும், கோபே சொன்ன பொத்தானை மறக்காதே. கான்ஜி என்கிற சீன எழுத்துகளுக்குப் பயப்படாதே, மேலே சின்ன எழுத்தில் உச்சரிப்பு ஹிராகனாவில் வரும். சனிக்கிழமை பகலில் போய்த் தனியாக ஒரு மணி நேரம் அறை எடுத்துப் பாடிப் பார். 'ஹிதோகரா' என்று அதற்குத் தனிக் கூட்டமே இருக்கிறது, யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.