எஃப்ஜே குரூஸருக்கு 35 இஞ்ச் டயர்: மணலுக்கு இவ்வளவு பெருசு வேணுமா?

சிவப்புமணல்:

அண்ணன்மாருக்கு வணக்கம். ஷார்ஜாவுல இருக்கேன். பழைய டொயோட்டா எஃப்ஜே குரூஸர் ஒண்ணு எடுத்தேன். 2014 மாடல், ஆட்டோமேட்டிக், பின்னாடி டிஃப் லாக் (ரெண்டு பின் சக்கரத்தையும் ஒண்ணாச் சுத்த வைக்கிறது) உண்டு. லிஃப்ட், அதாவது பாடியை உயர்த்துற வேலை, எதுவும் பண்ணல. டயர் கம்பெனி அளவுதான், 265/70 ஆர்17 (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதுல 70 சதவீதம், ரிம் 17 இஞ்ச்). நல்லாத் தேய்ஞ்சிருக்கு, அடுத்த பாஸிங்குக்கு, அதாவது வண்டிச் சோதனைக்கு, முன்னாடி மாத்தியே ஆகணும்.

லீவு நாள்ல விடியக்காலம் பதாயர் பக்கம் போறோம், ஹத்தா ரோட்டுல பிக் ரெட் இருக்கே, அதைச் சுத்தி. குளிர்காலத்துல ஷௌகா, ஹத்தா மலைப்பக்கமும் போகணும்னு ஆசை. கூட வர்றவங்க எல்லாம் ஜீப் ரேங்ளர், 35, 37 இஞ்ச் டயர்னு போட்டிருக்காங்க. அவங்க ஏறுற மேட்டுல நான் பாதியிலயே புதைஞ்சு நிக்கிறேன். காத்து 20 பிஎஸ்ஐக்கு இறக்கித்தான் ஓட்டுறேன், ஆனாலும் நிக்குது.

நண்பர் ஒருத்தர் 35 போடுன்னு சொல்றார். டயர் கடையில 33x12.5 ஆர்20, கறுப்பு ரிம்மோட செட்டாத் தர்றேங்கறாங்க. கையில இருக்கிறது 4000 திர்ஹாம். எதுக்குப் போகலாம்?

ரேங்ளர்காரன்:

35 தான் தம்பி, யோசிக்கவே வேணாம். மூணு இஞ்ச் லிஃப்ட், முன்பக்கம் பாடி மவுன்ட் கொஞ்சம் வெட்டி வெல்ட் வைக்கணும், ஃபெண்டர் உள்ள இருக்கிற பிளாஸ்டிக்கைச் சூடு பண்ணி ஒதுக்கணும், ஆக்ஸில் கியர் மாத்தணும். மத்தபடி ஒரு வேலையும் இல்ல.

பழைய சர்வே டிரைவர்:

மேல சொன்ன ‘ஒரு வேலையும் இல்ல’வுக்கு எவ்வளவு ஆகும்னு அவரையே கேளுங்க. டயர் வாங்குற காசை விட அதுதான் கூட வரும்.

தம்பி, டயர் அளவுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். 20 பிஎஸ்ஐல புதையுதுன்னு எழுதியிருக்கீங்க. 15 வச்சுப் பாத்தீங்களா? அதுவும் அந்த 20ஐ எப்ப அளந்தீங்க? தார் ரோட்டுல 120ல ஓடி வந்து நிப்பாட்டின டயர், சூட்டுல நாலஞ்சு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். மணல்ல மெதுவா ஓட்டினாலும் டயர் மடங்கி மடங்கிச் சூடு அப்படியே நிக்கும். பதினஞ்சுன்னு முடிவு பண்ணி இறக்குங்க, மறுபடி ஒரு தடவை கேஜ் வச்சுப் பாருங்க. பெட்ரோல் பங்க்ல தொங்குற கேஜ் இல்ல, சொந்தமா ஒண்ணு.

நான் அபுதாபி மேற்குப் பக்கம், லிவாவுக்குத் தெக்க, எண்ணெய் சர்வே கேம்ப்ல வண்டி ஓட்டினவன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், அங்கயும் மணலுக்குப் பஞ்சம் இல்ல. கேம்ப்ல எங்க கையில கொடுத்தது லேண்ட் குரூஸர் 70 பிக்கப், அரபிங்க ‘ஷாஸ்’னு செல்லமாச் சொல்ற வண்டி. டயர் 7.50 ஆர்16. புதுசா வர்ற எஞ்சினியருங்க அதைப் பாத்துட்டு, என்ன சைக்கிள் டயரப் போட்டு வச்சிருக்கீங்கம்பாங்க. உயரம் 31 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. உங்க 265/70 ஆர்17ஓட உயரமும் கணக்குப் பாத்தா 803 மில்லிமீட்டர், 31.6 இஞ்ச். அந்த ஒல்லி டயர்லதான் தண்ணி டிரம்மு, கேபிள் சுருள் எல்லாம் ஏத்திக்கிட்டு லிவா மணல்ல போய் வந்தோம்.

எப்படிப் போச்சு? மணல்ல வண்டியைத் தாங்குறது டயரோட அகலம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. காத்து இறங்க இறங்க டயர் பக்கவாட்டுல கொஞ்சம்தான் பிதுங்கும். முன்னும் பின்னுமாத்தான் நீளமாப் படியும். அந்த நீளம்தான் வண்டியை மேல மிதக்க வைக்குது. அகலமான டயர் தனக்கு முன்னாடி இருக்கிற மணலையும் அகலமாத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும், எஞ்சின் பலத்துல பாதி அதுக்கே போயிடும்.

அப்ப பெரிய டயர் எதுக்கு? காத்தை இறக்குறதுக்கு இடம் வேணும்னுதான். ரிம் விளிம்புல இருந்து தரை வரைக்கும் இருக்கிற ரப்பர் சுவர் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தைரியமா இறக்கலாம். இப்ப கடைக்காரர் சொன்னதை இந்தக் கணக்குல வச்சுப் பாருங்க. 33 இஞ்ச் டயர், 20 இஞ்ச் ரிம். 838ல 508ஐக் கழிச்சுப் பாதியாக்கினா சுவர் 165 மில்லிமீட்டர். உங்க வண்டியில இப்பத் தேய்ஞ்சு கிடக்குற பழைய டயரோட சுவர் 185. காசு கொடுத்து 20 மில்லிமீட்டரைத் தொலைக்கணுமா? அதே 33ஐ 17 ரிம்ல போட்டா, அதாவது 285/70 ஆர்17, சுவர் கிட்டத்தட்ட 200. கறுப்பு ரிம் கடை வெளிச்சத்துல அழகாத்தான் இருக்கும். மணலுக்கு ஆகாது.

35க்கு வருவோம். உங்க டயரை விட 86 மில்லிமீட்டர் உயரம். கியர் கணக்குல பத்து, பதினொரு சதவீதம் உங்களுக்கு நட்டம். மேடு ஏறும்போது வேகம் விடாம இழுக்கணும், அங்கதான் இந்த நட்டம் தெரியும். ஆட்டோமேட்டிக் கியரு எதுல நிக்கிறதுன்னு தெரியாமத் தேடிக்கிட்டே இருக்கும், எண்ணெய் சூடாகும். டயரோட எடை வேற. பத்து பிளை ரேட்டிங் போட்ட எல்டி (லைட் டிரக்) டயர் 33லயே ஒண்ணு 25 கிலோ பக்கம் வரும், 35 இன்னும் கூட. எஃப்ஜேல ஸ்டெப்னி பின் கதவுலதான் தொங்குது. அந்தக் கதவுக் கீல் மேல எவ்வளவு ஏத்தப் போறீங்க? ஸ்டெப்னி மட்டும் பழைய அளவுல இருக்கட்டும்னு விடவும் முடியாது. ஒரு பக்கம் 35, இன்னொரு பக்கம் 31ஓட பின் லாக் போட்டு ஓட்டினா டிஃப் என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

ஸ்பீடா மீட்டரும் பொய் சொல்லும். 100 காட்டும்போது வண்டி 110ல போய்க்கிட்டு இருக்கும். ராடார் உங்க மீட்டரைப் பாத்து அபராதம் எழுதாது.

டயர் பூ, அதாவது தரையில படுற பக்கத்து வெட்டு, அந்த விஷயம். மட் டெரெய்ன் வேணாம். பெரிய பெரிய கட்டையா வெட்டின பூ சேத்துக்கு நல்லது, மணல்ல ஆக்சிலேட்டர் மிதிச்ச மாத்திரத்துல குழி தோண்டிக்கிட்டு உக்காரும். மிஷலின்ல எக்ஸ்எஸ்னு மணலுக்குன்னே ஒரு டயர் உண்டு, 7.50 ஆர்16லயும் வந்தது. அதைப் பாத்தீங்கன்னா பூவே ஆழமா இருக்காது. தேய்ஞ்ச டயர் மாதிரிதான் தெரியும். ஆல் டெரெய்ன்ல ரொம்ப முரட்டுத்தனம் இல்லாத ஒண்ணா எடுங்க.

என்னைக் கேட்டா 265/70 ஆர்17லயே நில்லுங்க. மிச்சக் காசுக்கு நல்ல கம்ப்ரஸர், கேஜ், மண்வெட்டி, கொடிக்கம்பு. அந்த ரேங்ளர்காரங்களோட அடுத்த தடவை 15 பிஎஸ்ஐல போய்ட்டு வந்து சொல்லுங்க.

ராசல்கைமா வாசி:

சர்வே அண்ணன் மணலைப் பத்திச் சொன்னதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா தம்பி மலைக்கும் போகணும்னு எழுதியிருக்கார். நான் வாரம் தவறாம ஷௌகா பக்கம் போறவ. அங்க கணக்கு வேற.

வாடியில, அதாவது காஞ்ச மலை ஆத்துல, கிடக்குற கல்லு ஆத்துக் கூழாங்கல் மட்டும் இல்ல, மலையில இருந்து உடைஞ்சு விழுந்த கூர்க்கல்லும் உண்டு. அது பூவை ஒண்ணும் பண்ணாது, பக்கச் சுவரைத்தான் கிழிக்கும். பக்கச் சுவர்ல கிழிஞ்சா பஞ்சர் ஒட்ட முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால சுவர் மூணு பிளை (மூணு அடுக்கு) இருக்கிற எல்டி டயர் எனக்குக் கட்டாயம். கனமா இருக்கும், பெட்ரோல் குடிக்கும், மணல்ல மத்ததை விட ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூட இறக்கினாத்தான் அதே அளவு மடங்கும். பரவாயில்லன்னு வச்சிருக்கேன். வாடிக்குள்ள 20, 22ல ஓட்டுவேன். அதுக்கும் கீழ இறக்கினா சுவர் வெளிய பிதுங்கி, கல்லுக்கு நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, லிஃப்ட்ட நம்பி ஏமாறாதீங்க. லிஃப்ட் பாடியைத்தான் தூக்கும். பின் ஆக்ஸில்ல குண்டாத் தொங்குதே, அதைத் தூக்குறது டயர் மட்டும்தான். 285/70 போட்டா அங்க 14 மில்லிமீட்டர் கிடைக்கும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொரு கல்லு மேலயும் உரசுற ஆக்ஸிலுக்கு அது போதும். நான் உங்க இடத்துல இருந்தா 285/70 ஆர்17 எல்டி, 17 ரிம்லயே. லிஃப்ட் இல்லாத எஃப்ஜேல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா மட் ஃபிளாப்லயும் பாடி மவுன்ட்லயும் உரச வாய்ப்பு இருக்கு. ரிம் ஆஃப்செட் மாத்தினா இன்னும் கூட உரசும். கம்பெனி ரிம்மையே வச்சுக்குங்க.

சிவப்புமணல்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. நேத்து போய்ட்டு வந்தேன். அதே தேய்ஞ்ச டயர், கேஜ் வச்சு 15. போன தடவை நின்ன மேட்டுல ரெண்டாவது முயற்சியில ஏறிடுச்சு. ரேங்ளர்ல வந்தவர் என் டயரைக் குனிஞ்சு பாத்துட்டுப் போனார்.

இப்ப ரெண்டு சந்தேகம். இன்னும் எவ்வளவு கீழ இறக்கலாம்? கூட வந்த ஒருத்தருக்கு டயர் ரிம்ல இருந்து கழண்டுடுச்சு, அதைப் பாத்ததுல இருந்து பயமா இருக்கு. அப்புறம், 285 போட்டா பாஸிங்ல முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்க விடுவாங்களா?

பழைய சர்வே டிரைவர்:

சாதாரணமா 15, மணல் மாவா இருந்தா 12. அதுக்குக் கீழ பத்து, எட்டுன்னு போறது புதைஞ்ச வண்டியை வெளிய எடுக்க மட்டும். வெளிய வந்ததும் கெட்டி மணல்ல நிப்பாட்டி மறுபடி ஏத்திடணும்.

டயர் கழண்டது காத்து கம்மியா இருந்ததால மட்டும் இருக்காது. மேட்டுச் சரிவுல பக்கவாட்டா ஓட்டி, கீழ்ப்பக்கம் நழுவும்போது ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சிருப்பார். அப்ப மணல் டயரோட உதட்டை ரிம்மை விட்டுத் தள்ளிடும். 15க்குக் கீழ போனா திருப்பம் எல்லாம் பெரிய வட்டமா எடுங்க, பிரேக்க மிதிக்காம மணலே நிறுத்தட்டும். சாயங்காலம் ஆனதும் ஒரு தடவை கேஜ் வச்சுப் பாருங்க. டிசம்பர், ஜனவரியில வெயில் இறங்கினா மத்தியானம் வச்ச 12 தானா இன்னும் இறங்கியிருக்கும்.

கழண்டா என்ன பண்றது? ஜாக்கிக்கு அடியில பலகை போட்டுத் தூக்குங்க. வண்டியோட வந்த ஜாக்கியை வெறும் மணல்ல வச்சா அது தானும் புதையும். ரிம் விளிம்புல ஒட்டின மணலைத் தண்ணி ஊத்தித் துடைச்சு எடுக்கணும், ஒரு துணுக்கு இருந்தாலும் காத்து நிக்காது. வால்வு பின்னைக் கழட்டிட்டு கம்ப்ரஸரைப் போட்டா காத்து வேகமாப் போகும். ‘டப்’னு சத்தம் கேட்டா உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். உக்காரலைன்னா டயரைச் சுத்தி நடுவுல ராட்செட் பெல்ட்டக் கட்டி இறுக்குங்க, சுவர் வெளிய விரிஞ்சு ரிம்மைத் தொடும். லைட்டர் திரவம் ஊத்திக் கொளுத்துற வீடியோவெல்லாம் பாத்திருப்பீங்க. வேணாம்.

பாஸிங் விஷயம், டயர் வாங்குறதுக்கு முன்னாடியே டெஸ்டிங் சென்டருக்கு ஒரு நடை போய் இந்த அளவு ஆகுமான்னு கேட்டுடுங்க. கடைக்காரர் ‘எல்லாம் ஆகும்’னுதான் சொல்வார். வாங்கும்போது சுவர்ல கடைசி நாலு எண்ணைப் படிங்க. 2324ன்னு இருந்தா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ஸ்டெப்னியையும் சேத்து அஞ்சுலயும் பாருங்க, மூணு புதுசு ரெண்டு பழசுன்னு கலந்து தள்ளி விடுவாங்க.

அக்கா சொன்ன 285 எல்டிக்கு நானும் சரிங்கறேன், நீங்க நிஜமாவே மலைக்குப் போறதா இருந்தா. மணல் மட்டும்னா என் பேச்சுல மாத்தம் இல்ல.

அப்புறம், தார் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி காத்தை முழுசா ஏத்துங்க. பங்க் பக்கத்துலதான் இருக்கு, அங்க அடிச்சுக்கலாம்னு 15லயே நூறுல போறவங்க டயர்தான் வெயில்ல வெடிக்குது. கம்ப்ரஸரை சிகரெட் லைட்டர் துவாரத்துல மாட்டாதீங்க, ஃபியூஸ் போயிடும். பானட்டைத் திறந்து பேட்டரியில நேரா கிளிப் போட்டு, எஞ்சினை ஓட விட்டு அடிங்க.