வாஷிங்டன் டல்லஸ்: அறையே வண்டியாக ஓடுவது ஏன்?

கேள்வி:
மகளைப் பார்க்க அமெரிக்கா சென்றபோது வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கினேன். குடியேற்றச் சோதனைக்குச் செல்லும் வழியில், உயரமான சக்கரங்களின் மேல் நின்ற ஒரு நீண்ட அறைக்குள் எங்களை ஏற்றினார்கள். கதவு மூடியதும் அந்த அறையே புறப்பட்டு ஓடியது. விமானத்தடிக்கு அழைத்துச் செல்லும் தாழ்தளப் பேருந்தைப் பார்த்துப் பழகிய எனக்கு இது விளங்கவில்லை. இரண்டு கட்டடங்களை இணைக்க இப்படியொரு வண்டி எதற்கு?

பதில் 1:
இரண்டு கட்டடங்களை இணைப்பதற்காக அது உருவாக்கப்படவில்லை. 1962 நவம்பரில் அந்த நிலையம் திறக்கப்பட்டபோது அங்கே முதன்மை முனையம் மட்டுமே இருந்தது. அதை வடிவமைத்த ஈரோ சாரினென், ஜெட் விமானங்கள் பெரிதாகப் பெரிதாகப் பயணிகள் நடக்கும் தொலைவும் நீண்டுகொண்டே போவதைக் கண்டு, பயணியை நடக்கவிடாமல் காத்திருப்பு அறையையே விமானத்தின் கதவுக்குக் கொண்டுசெல்லலாம் என்று எண்ணினார். ஏறத்தாழ 54 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்ட இந்த 'மொபைல் லவுஞ்ச்' வண்டிகளைக் கிரைஸ்லர் நிறுவனம் செய்து கொடுத்தது. திரும்பி நிற்க வேண்டிய தேவையே எழாதபடி இரு முனைகளிலும் ஓட்டுநர் இடம் அமைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு முந்தைய ஆண்டே சாரினென் காலமாகிவிட்டார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பதில் 2:
எண்ணம் நல்லதுதான், ஆனால் நடையைக் குறைத்த அது காத்திருப்பைக் கூட்டியது. ஒரு வண்டியில் ஏறத்தாழ நூறு பேர்தான் ஏற முடியும் என்பதால், 1970இல் போயிங் 747 சேவைக்கு வந்தபின் ஒரே விமானத்துக்குப் பல வண்டிகள் தேவைப்பட்டன. ஒரு விமானத்திலிருந்து இறங்கி உடனே மற்றொன்றைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இம்முறை சிறிதும் பொருந்தவில்லை. பின்னர் ஓடுதளங்களுக்கு நடுவே தனிக் கட்டடங்கள் எழுந்தன. விமானத்துக்கு ஓடிய வண்டிகள் அக்கட்டடங்களுக்கு ஓடத் தொடங்கின. 2010இல் நிலத்தடி ரயில் வந்தும், அது எல்லாக் கட்டடங்களையும் எட்டாததால்தான் நீங்கள் அதில் ஏற நேர்ந்தது. மான்ட்ரியலின் மிராபெல் நிலையமும் 1975இல் இதே போன்ற வண்டிகளுடன்தான் திறக்கப்பட்டது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆயினும் முழங்கால் வலியோடு பயணம் செய்த எனக்கு, படி ஏறாமல், வெயிலிலும் மழையிலும் நிற்காமல் உட்கார்ந்தபடியே செல்ல முடிந்தது பெரிய உதவியாக இருந்தது. அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பை நான் மனமுவந்து ஏற்பேன்.