எம்250 மாரேஜிங் ஸ்டீல்: தகட்டில் கடினம் 51, வெல்டில் 45. என்ன செய்யலாம்?

வணக்கம். கோவையில் ஒரு சிறிய திட எரிபொருள் ராக்கெட் மோட்டார் கேஸுக்கு (வெளிக்கூடு) எம்250 என்ற மிக வலுவான நிக்கல் எஃகை எடுத்திருக்கிறோம் (இஸ்ரோவின் எஸ்200 கேஸும் இதே ரகம்தான்). வெல்டின் கடினம் ஏறவே மாட்டேன் என்கிறது, மூன்று வாரமாக.

அனீல் செய்த (சூடேற்றி மென்மையாக்கிய) 4 மி.மீ. தகடு, டிக் (TIG) வெல்டிங், அதே ரக ஃபில்லர், ஆர்கான், இரண்டு பாஸ். பிறகு நேராக 480 டிகிரியில் 3 மணி நேரம் ஏஜிங் (கடினமேற்றும் சூடேற்றல்). தகடு 51 எச்ஆர்சி (ராக்வெல் சி கடின அளவு), வெல்டு 45. இழுவைச் சோதனையில் மூன்று துண்டும் வெல்டிலேயே அறுந்தன. குழியோ ஆக்சைடு கறையோ இல்லை. ஆனால் எட்ச் செய்தால் (அமிலத்தால் அரித்துப் பார்த்தால்) டெண்ட்ரைட் எனும் கிளைவிட்ட படிகங்களின் இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக வெள்ளைத் திட்டு. மாலிப்டினமும் டைட்டானியமும் அங்கே தேங்கி, ஏஜிங்கில் ஆஸ்டினைட் என்ற மென்மையான கட்டமைப்பு திரும்பவும் உருவாகிறது என்றே நினைக்கிறோம்.

ஃபில்லர் பேட்ச் மாற்றியாயிற்று, உலையின் தெர்மோகப்பிள் சரி. பாஸ்களுக்கு இடையே 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டும் பயனில்லை. ஏஜிங்கை 6 மணி நேரமாக்கியதில் திட்டுகள்தான் பெருத்தன. வெல்டுக்குப் பின் 820 டிகிரியில் 1 மணி நேரம் வைத்து ஏஜிங் செய்தால் 47 வரை வருகிறது.

மிச்சமிருப்பது 950 டிகிரி, பிறகு 820 டிகிரி என்ற இரட்டை அனீல். 300 மி.மீ. விட்டமுள்ள வெல்டு செய்த உருளையை அப்படிச் சூடேற்றியவர்கள், வட்டம் கோணாமல் இருக்க உள்ளே எப்படித் தாங்கல் கொடுத்தீர்கள்?