ஹில் கிளைம்ப் ரேசிங் கேம்: காத்துல கேஸ் (ஆக்ஸிலரேட்டர்) அழுத்தினா வண்டி மூக்கைத் தூக்குமா, தூக்காதா?

பின்சக்கரம்:
நேத்து பீம்என்ஜிங்கிற கார் சிமுலேட்டர் கேமோட திரியில நம்ம சிமுலேட்டர் சிங்கம் போற போக்குல ஒரு முத்து உதிர்த்துட்டுப் போயிருக்கார். அப்படியே எடுத்துப் போடறேன்: "ஹில் கிளைம்ப் ரேசிங்கை இயற்பியல் விளையாட்டு என்று சொல்பவர்கள் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவர்கள். காற்றில் பறக்கும் ஜீப்பில் கேஸ் அழுத்தினால் மூக்கு மேலே போகிறதாம். தரையைத் தொடாத சக்கரம் வண்டியை எப்படித் திருப்பும்?"

ஐயா, தரையே தேவையில்லை. எஞ்சின் சக்கரத்தை ஒரு பக்கம் முறுக்கினா, சக்கரம் வண்டியை எதிர்ப்பக்கம் முறுக்கும். சக்கரம் முன்னால சுத்துது, வண்டி பின்னால சாயுது, மூக்கு மேல போகுது. பிரேக் பிடிச்சா அப்படியே தலைகீழ். மோட்டோகிராஸ் ஓட்டுறவங்க குதிக்கும்போது பண்றது இதான். மூக்கு தாழ்ந்தா த்ராட்டில், மூக்கு ரொம்ப நிமிர்ந்தா பின் பிரேக். ரிமோட் கார் வச்சிருக்கிற பசங்களுக்கே தெரியும்.

2012ல ஃபின்லாந்துல ஔலுங்கிற ஊர்லேருந்து ஃபிங்கர்சாஃப்ட் விட்ட கேம். திரையில மொத்தமே ரெண்டு பெடல், கேஸும் பிரேக்கும். ஏறுறது, இறங்குறது, காத்துல நிமிர்றது, கவிழறது எல்லாம் அந்த ரெண்டுக்குள்ள. இது இயற்பியல் இல்லைன்னா வேற என்ன, ஜோசியமா?

சிமுலேட்டர் சிங்கம்:
முதலில், என்னை "நம்ம" சிங்கம் என்று எழுத வேண்டாம். நாம் அவ்வளவு நெருக்கம் இல்லை. மை சம்மர் கார் விளையாட்டின் திரியில் நீங்கள் என்னைப் பற்றி எழுதியதை நான் மறக்கவில்லை.

இரண்டாவது, பைக் வேறு, ஜீப் வேறு. பைக்கின் எடையில் சக்கரத்துக்கு நல்ல பங்கு உண்டு. ஜீப்பில் அது தூசு. பீம்என்ஜியில் ஒரு வண்டி என்பது முனைகளும் அவற்றை இணைக்கும் விட்டங்களும் சேர்ந்த கூடு. நொடிக்கு 2000 முறை கணக்குப் போடுகிறது. ஒரு கதவு நசுங்கினால் அது ஏன் அப்படி நசுங்கியது என்பதற்குக் காரணம் இருக்கும். நீங்கள் கொண்டாடுவதோ, தலை ஸ்பிரிங்கில் ஆடும் ஒரு பொம்மை ஓட்டுகிற பொம்மை ஜீப். ஓட்டுநர் பெயர் நியூட்டன் பில். பெயரில் மட்டும்தான் நியூட்டன்.

கழுத்துமுறிஞ்சான்:
இதைப் படிச்சதும் ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தேன். மேட்டுலேருந்து பறந்தேன், கேஸை அழுத்தினேன், மூக்கு தூக்கிச்சு. சரின்னு விரலை எடுக்காம இருந்தேன். இன்னும் தூக்கிச்சு, அப்படியே மல்லாந்து பில்லோட மண்டை தரையில டக். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை, சக்கரம் அது பாட்டுக்கு வானத்தைப் பார்த்துச் சுத்திட்டிருக்கு. இவன் கழுத்து மட்டும் போச்சு. இப்ப யார் ஜெயிச்சது?

பின்சக்கரம்:
நான். மூக்கு தூக்கிச்சுன்னு நீங்களே வாக்குமூலம் குடுத்துட்டீங்க.

சிமுலேட்டர் சிங்கம்:
விளையாட்டில் தூக்கும் என்பதுதான் என் குற்றச்சாட்டே. அதையே சாட்சியாகக் கொண்டுவருகிறீர்கள். அபாரம்.

கோணல்கோணம்:
சண்டைக்கு நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். தோராயக் கணக்கு ஒண்ணு போட்டேன். ஒரு சாதாரண கார்ல நாலு சக்கரமும் சேர்ந்து நிலைமத் திருப்புத்திறன் (சுத்த வைக்க எவ்வளவு கஷ்டம்ங்கிற அளவு) 4ன்னு வச்சா, வண்டியோட உடம்பு முன்பின்னா சாயறதுக்கு 2000 கிட்ட வரும். 500ல ஒரு பங்கு. நின்ன சக்கரத்தைக் காத்துலயே மணிக்கு 100 கிலோமீட்டர் அளவுக்குச் சுத்த விட்டா, வண்டி எதிர்ப்பக்கம் நொடிக்குப் பத்து டிகிரி போலத் திரும்பும். முழுக் குட்டிக்கரணம் போட அரை நிமிஷத்துக்கு மேல காத்துல மிதக்கணும். அதாவது விளைவு நிஜம், அளவு மிகை. கேம் அதைப் பெருசு பண்ணிக் காட்டுது. பிரச்சினை இவ்வளவுதான்.

பின்சக்கரம்:
ஆக, தூக்குது. நன்றி கோணல். சிங்கம், படிச்சீங்களா? தூக்குது.

சிமுலேட்டர் சிங்கம்:
ஆக, அரை நிமிடம் ஆகும். நன்றி கோணல். அதுவும் நின்ற சக்கரத்துக்குத்தான் இந்தக் கணக்கு. குதிக்கிற வண்டியில் சக்கரம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மிச்ச முடுக்கத்துக்குக் கிடைப்பது நாலைந்து டிகிரி. அதற்கு நீங்கள் மூன்று குட்டிக்கரணம் அடித்து நாணயம் வாங்குகிறீர்கள்.

கோணல்கோணம்:
என் பதிவை ரெண்டா வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுத்துட்டுப் போறீங்க. "இயற்பியல் விளையாட்டு"ன்னா என்னன்னு முதல்ல ரெண்டு பேரும் சொல்லுங்களேன். விதி இருந்தாப் போதுமா, இல்ல எண்ணும் சரியா இருக்கணுமா?

பின்சக்கரம்:
அதெல்லாம் அப்புறம். மூக்கு தூக்குமா தூக்காதா? ஒரே கேள்வி.

தமிழாசான்:
"முறுக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாடநூலில் அது திருப்பு விசை. துணியைப் பிழிவது முறுக்குதல், கதவைத் திறப்பது திருப்புதல். இரண்டையும் குழப்புகிறவர் அடுத்தவருக்கு இயற்பியல் கற்பிக்கக் கிளம்புவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

பின்சக்கரம்:
நான் கதவைத் தள்ளித்தான் திறக்கிறேன் ஆசானே. நீங்க திருப்பித் திறங்க.

தமிழாசான்:
கிண்டல் பதில் ஆகாது. முறுக்கு விசை தவறு.

ஃபிளாட்அவுட்காரன்:
இன்னொரு சமாச்சாரம் யாரும் கவனிக்கலை. 2004ல ஃபிளாட்அவுட்ங்கிற கார் ரேஸ் கேம் வந்துச்சு. டிரைவரை முன் கண்ணாடி வழியா வீசி எறிஞ்சு உயரம் தாண்ட வைக்கிறது, பௌலிங் பந்து மாதிரி உருட்டி விடுறது, ஈட்டிப் பலகையில குத்துறதுன்னு தனி ஆட்டமே வச்சிருந்தாங்க. பண்ணது பக்பியர், ஃபின்லாந்து. அப்புறம் டர்போ டிஸ்மவுன்ட், பொம்மையை வண்டியில உட்கார வச்சு சுவத்துல மோதவிட்டு எவ்வளவு அடி பட்டுதோ அவ்வளவு மதிப்பெண். அதுவும் ஃபின்லாந்து. மை சம்மர் கார்ல ஒரு போல்ட்டைச் சரியா முடுக்கலைன்னா நடுரோட்டுல உயிர் போகும். அதுவும் அவங்கதான். இப்ப பில்லோட கழுத்து. அந்த நாட்டு ஆளுங்களுக்கு டிரைவர் மேல என்னதான் கோபமோ.

சிமுலேட்டர் சிங்கம்:
மை சம்மர் காரை இந்தப் பட்டியலில் சேர்த்ததற்கு என் கண்டனம். அதில் காரை போல்ட் போல்ட்டாக நாமே பூட்ட வேண்டும். அது வேறு ஜாதி விளையாட்டு.

பின்சக்கரம்:
பூட்டத் தெரியாம மூணு வாரம் திரி திரியாப் புலம்பினவர் சொல்றார், கேட்டுக்கோங்க. "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, கேம்ல பக் இருக்கு"ன்னு எழுதினது யாரு? பேட்டரி வயரை மாட்டலைன்னு நான் சொன்னேன். அதுக்குத்தான் இன்னும் கோபம்.

சிமுலேட்டர் சிங்கம்:
பேட்டரி வயர் மாட்டியிருந்தது. எர்த் வயர்தான் இல்லை.

பின்சக்கரம்:
அடடா, பெரிய வித்தியாசம்.

நிலாப்பயணி:
கேம்ல இருக்கிற நிலா மேப்பை மறந்துட்டீங்களே. நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒண்ணு. அதே குதி, ஆறு மடங்கு நேரம் காத்துல. கோணல் கணக்குல ஒரு நொடிக் குதியில கிடைக்கிற பத்து டிகிரியே அங்க அறுபது ஆகிடும்.

பெட்ரோல்காலி:
நிலாவுல "காத்துல" இருக்க முடியாது. காத்தே கிடையாது. காத்து இல்லைன்னா பெட்ரோல் எரியாது. பெட்ரோல் எரியலைன்னா ஜீப் நகராது. அப்புறம் எந்த மூக்கு, எந்தத் தூக்கல்?

நிலாப்பயணி:
1971ல அப்பல்லோ 15 போனப்ப நிலாவுல நிஜமாவே வண்டி ஓட்டினாங்க. தெரியுமா தெரியாதா?

பெட்ரோல்காலி:
பேட்டரி வண்டி அது. சக்கரத்துக்கு ஒரு மோட்டார். பெட்ரோல் கேன் பொறுக்கிட்டே போகலை.

நிலாப்பயணி:
பில்லோட ஜீப்பும் பேட்டரியா இருக்கலாமில்ல?

பெட்ரோல்காலி:
அப்ப வழியெல்லாம் சிவப்பு கேன் எதுக்கு, கைகழுவவா?

பின்சக்கரம்:
நிலாவை விடுங்க. பேட்டரியோ பெட்ரோலோ, சக்கரம் சுத்தினா மூக்கு தூக்கும். சிங்கம் இன்னும் பதில் சொல்லலை. அவர்கிட்ட பீம்என்ஜி இருக்கு, ஸ்டீயரிங் வீல் இருக்கு, மூணு திரை இருக்கு. ஒரு சாய்தளத்துலேருந்து வண்டியைப் பறக்க விட்டுக் கேஸை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு தடவை கேஸோட, ஒரு தடவை கேஸ் இல்லாம. செய்ய மாட்டார். எனக்குத் தெரியும்.

கழுத்துமுறிஞ்சான்:
அவர் வர்ற வரைக்கும் ஒண்ணு சொல்றேன். நேத்து எரிபொருள் சுத்தமாத் தீர்ந்துச்சு. இறக்கத்துல இருந்தேன். எஞ்சின் செத்தாச்சு, வண்டி அதோட கனத்துல உருண்டு போகுது. எதிர்ல ஒரு சின்ன மேடு, மேட்டு மேல கேன். ஏறுது, ஏறுது, முன்சக்கரம் உச்சியைத் தொட்டு நின்னுச்சு. பில் தலை ஒரு ஆட்டம் ஆடிச்சு. அப்புறம் அப்படியே பின்னால உருள ஆரம்பிச்சுது. நான் போனைச் சாய்ச்சுப் பார்த்தேன், போனைச் சாய்ச்சா வண்டி நகராதுன்னு தெரிஞ்சே. அரை ஜீப் நீளம்கூட இல்லை. சிரிச்சு சிரிச்சு கண்ல தண்ணி. முந்தின குழியில சும்மா ஒரு தடவை கேஸை உறுமவிட்டேன், அதுக்கான தண்டனைன்னு எனக்கே தெரியும். நொடிக்கு 2000 கணக்கு போடுற கேம்ல எனக்கு இந்தச் சிரிப்பு வந்ததில்லை.

தமிழாசான்:
"உறுமவிட்டேன்" நன்று. "கேஸ்" தவிர்த்திருக்கலாம்.

சிமுலேட்டர் சிங்கம்:
செய்தேன். பீம்என்ஜியின் கிரிட் மேப், உயரமான சாய்தளம், கேவ்ரில் டி சீரிஸ் பிக்கப், ஸ்லோ மோஷன். காற்றில் இருந்தபோது கேஸை முழுதாக அழுத்தினேன். முகப்பு ஏறக்குறைய அசையவே இல்லை. இத்துடன் இந்த விவாதம் முடிந்தது, தம்பி.

பின்சக்கரம்:
"ஏறக்குறைய"ன்னா?

சிமுலேட்டர் சிங்கம்:
ஏறக்குறைய என்றால் ஏறக்குறைய.

பின்சக்கரம்:
அசைஞ்சுதா அசையலையா? அசையலைன்னா "அசையவில்லை"ன்னு எழுதியிருப்பீங்க. "ஏறக்குறைய" எங்கேருந்து வந்துச்சு? உங்க வாயிலேருந்து வந்துச்சு. கேஸ் இல்லாமப் பறந்தப்ப மூக்கு எவ்வளவு கவிழ்ந்துது, கேஸோட எவ்வளவு கவிழ்ந்துது? ரெண்டையும் சொல்லுங்க. அப்புறம், தம்பியா? நான் 1997ல கார்மகெடன் கேம் வந்தப்பவே கீபோர்டைத் தேய்ச்சவன். நீங்கதான் எனக்குத் தம்பி.

சிமுலேட்டர் சிங்கம்:
கேஸ் இல்லாதபோது சற்றுக் கூடுதலாகக் கவிழ்ந்தது. அது பிழை வரம்புக்குள்.

பின்சக்கரம்:
தூக்கிச்சு! எல்லாரும் படம் பிடிச்சு வச்சுக்கோங்க, இவர் அழிச்சிடுவார். நொடிக்கு 2000 தடவை கணக்குப் போட்டுச் சொல்லுது, தூக்குது!

சிமுலேட்டர் சிங்கம்:
ஒரு விரல்கடை கூட இருக்காது. அதை வைத்துக்கொண்டு ஜீப் சக்கரமாய்ச் சுழல்வதை நியாயப்படுத்துகிறீர்கள். எறும்பு கடித்தது என்பதற்காக யானை மிதித்தது என்று சொல்வீர்களா?

பின்சக்கரம்:
எறும்பு கடிக்கவே கடிக்காதுன்னு சொன்னது யாரு? "தரையைத் தொடாத சக்கரம் எப்படித் திருப்பும்"னு கேட்டது யாரு? மேல முதல் பதிவுல மேற்கோளோட இருக்கு. போய்ப் படிங்க.

கோணல்கோணம்:
இதைத்தானே நான் அப்பவே சொன்னேன். விளைவு நிஜம், அளவு மிகை.

பின்சக்கரம்:
கோணல், நீங்க யார் பக்கம்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

கோணல்கோணம்:
கணக்கு பக்கம்.

சிமுலேட்டர் சிங்கம்:
நழுவல். இரண்டு நாள் முன்பு வேறு திரியிலும் இப்படித்தான் நழுவினார்.

புதுச்சக்கரம்:
எல்லாருக்கும் வணக்கம். நேத்துதான் கேமை இறக்கினேன். முதல்ல எஞ்சினை அப்கிரேட் பண்ணணுமா, சஸ்பென்ஷனா, டயரா, நாலு சக்கர ஓட்டமா?

பின்சக்கரம்:
நாலு சக்கர ஓட்டம். திரையில தெரியற முன், பின் ரெண்டு சக்கரமும் சேர்ந்து முறுக்கும், காத்துல மூக்கு இன்னும் நல்லாத் தூக்கும். சிங்கத்துக்கும் புரியும்.

தமிழாசான்:
திருப்பும்.

பெட்ரோல்காலி:
புதுச்சக்கரம், அவரைக் கேட்காதீங்க. கண்ட்ரிசைட் மேப்ல நாணயம் சேர்க்கிற வரைக்கும் எஞ்சின் போதும். நிலாவுக்கு மட்டும் போயிடாதீங்க, அங்க பெட்ரோல் எரியாது.

நிலாப்பயணி:
மறுபடியுமா.

சிமுலேட்டர் சிங்கம்:
இந்தத் திரியில் இனி நான் எழுதப் போவதில்லை. தரமற்ற விளையாட்டு, தரமற்ற வாதம். விடைபெறுகிறேன்.

பின்சக்கரம்:
போயிட்டு வாங்க. போறப்ப பிரேக் பிடிக்காதீங்க, மூக்கு கவிழ்ந்துடும்.

சிமுலேட்டர் சிங்கம்:
கிளம்பும் முன் ஒன்று மட்டும். பிழை வரம்புக்குள் என்றுதான் சொன்னேன், தூக்கியது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

பின்சக்கரம்:
இன்னும் போகலையா? சரி, அந்தப் பிழை வரம்பு எத்தனை டிகிரி?