கோயில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குப்பைச் செய்திகள்: மலேசியா, சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

கோயில் குழு நிர்வாகி

திருவிழா நெருங்கும்போதுதான் குப்பை குவியும். உபய விவரம் எல்லாருக்கும் போய்ச் சேரட்டும் என்று குழுவின் இணைப்பை முகநூலில் போடுகிறார்கள். நோட்டீஸிலும் அச்சடித்து மளிகைக் கடையில் ஒட்டுகிறார்கள். பொதுவில் கிடக்கும் இணைப்பு வழியாக யாரும் நுழையலாம். நுழைந்தவன் உடனடிக் கடன், சூதாட்டம், வீட்டிலிருந்தே வேலை என்று கொட்டுவான். குழுவில் தெரியும் எண்களையும் அள்ளிக்கொண்டு போவான்.

ஆளை நீக்கினால் மட்டும் போதாது. பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்வரை வேறு எண்ணில் வருவான். முதலில் இணைப்பை 'ரீசெட்' செய்யுங்கள். பழையது அப்போதே செல்லாமல் போகும். அடுத்து, குழு அனுமதிகளில் 'புதியவருக்கு நிர்வாகி ஒப்புதல்' என்பதைத் திறந்து வையுங்கள். நோட்டீஸில் இணைப்புக்குப் பதில் செயலவை உறுப்பினர் ஒருவரின் எண்ணைப் போடலாம்.

வந்துவிட்ட செய்தியை முதலில் படம்பிடித்து வையுங்கள், பிறகு புகார் செய்யுங்கள், அதன்பிறகே எல்லார் திரையிலிருந்தும் அழித்துவிடுங்கள். புகார் செய்தால் அந்த ஆளின் கடைசி 5 செய்திகள் புலன நிறுவனத்துக்குப் போகும்.

நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று குழுவைப் பூட்டச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நம் ஊரில் சாவுச் செய்தியும் அவசர ரத்தம் கேட்பதும் இந்தக் குழுவில்தான் நடுராத்திரியிலும் வருகின்றன. அறிவிப்புக்கு வேண்டுமானால் தனிக் குழு வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசிக் கடை

அண்ணன் சொன்னது வெளியாள் வந்தால். தெரிந்தவர் பெயரிலேயே வருவதுதான் இன்னும் ஆபத்து. "என் 6 இலக்க எண் தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்க" என்று கேட்பார்கள். அது உண்மையில் உங்கள் புலனக் கணக்கைத் திறக்கும் சரிபார்ப்பு எண். அனுப்பிய மறுகணமே உங்கள் புலனக் கணக்கு அவர்கள் கையில். பிறகு உங்கள் பெயரில் அத்தை, மாமாவிடமெல்லாம் அவசரமாக 500 வெள்ளி (ரிங்கிட்) கேட்பார்கள்.

மீட்பதற்கு உங்கள் கைப்பேசி எண்ணைக் கொண்டு உடனே புலனத்தில் மறுபடி பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் புது 6 இலக்க எண்ணைப் போட்டதும் அவன் வெளியே தள்ளப்படுவான். ஆனால் அதற்குள் அவன் இரட்டைச் சரிபார்ப்புக்கு ரகசிய எண் வைத்துவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அதனால் அந்த ரகசிய எண்ணை நீங்களே முந்திக்கொண்டு வையுங்கள். பெற்றோர் கைப்பேசியிலும் வைத்துக் கொடுங்கள். 'இணைத்த சாதனங்கள்' பட்டியலில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பும் வரும். உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். கோப்புப் பெயர் 'ஏபிகே' (.apk) என்று முடிந்தால் அது செயலி. நிறுவியதும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால், வங்கி குறுஞ்செய்தியில் டேக் எண் (பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் ரகசிய எண்) அனுப்பினால் அது மோசடிக்காரன் கண்ணுக்கும் தெரியும். தவறி நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டியுங்கள், சிம் அட்டையைக் கழற்றுங்கள், வேறு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை முழுவதும் அழித்துப் புதிதாக்குவது அதற்குப் பிறகு. அந்தச் செயலியை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை

தம்பி சொன்னதோடு 997 என்ற எண்ணையும் எல்லாரும் சேமித்து வையுங்கள். தேசிய மோசடி உதவி மையம். பணம் போனது தெரிந்ததும் அழைக்க வேண்டும், ஏனென்றால் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். தாவுவதற்குள் பிடித்தால்தான் நிறுத்த முடியும். அழைத்தபின் காவல் நிலையத்தில் புகாரும் கொடுங்கள்.

யாருக்காவது பணம் அனுப்புமுன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அங்கே ஒன்றும் வராவிட்டால் நல்லவர் என்று பொருளல்ல. அந்தக் கணக்கின்மேல் இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.